டிராக்டரின் முன் இருசு மூட்டு: தேய்வும் முறிவும்

சேற்றுழவு மும்முரமாக நடக்கும் காலத்தில், நான்கு சக்கரங்களும் இழுக்கும் டிராக்டர் ஒன்று முன் இருசு மூட்டு முறிந்து வயலில் நின்றுவிடுமாயின், குடியானவருக்கு நேரும் நஷ்டம் மூட்டின் விலையோடு முடிவதில்லை. நாற்று முற்றிப்போகிறது, முறைத்தண்ணீர் வீணாகிறது, நடவாட்கள் வேறிடம் போய்விடுகிறார்கள். இம்முறிவு திடீரென நேர்வதாகத் தோன்றினும், பெரும்பாலும் பல நாள் தேய்வின் முடிவேயாகும்.

மூட்டின் வேலை

முன் சக்கரம் உருளவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆதலால், வளைந்த நிலையிலும் விசையைக் கடத்தும் மூட்டு இருசின் முனையில் அமைக்கப்படுகிறது. 1941 முதல் யுத்தத்திற்காகச் செய்யப்பட்ட ஜீப் வண்டிகளிலும் இவ்வேற்பாடே இருந்தது. சில டிராக்டர்களில் மூட்டுக்குப் பதிலாகப் பற்சக்கரங்கள் உண்டு.

மூட்டுகளில் எளியது, சிலுவை வடிவான ‘கிராஸ்’ உடையது. இது 30 டிகிரி வளையும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் நூற்றுக்குச் சுமார் 15 கூடியும் 13 குறைந்தும் வரும். இக்குறையை நீக்கவே இரண்டு கிராஸ்களை அடுத்தடுத்துச் சேர்க்கின்றனர். எனினும், வளைவு மிகுந்தோறும் கிராஸின் முனைகளில் உள்ள ஊசி பேரிங்குகளின் மேல் பாரம் ஏறுகிறது.

தேய்வின் காரணங்கள்

முதலாவது, சேறு. இருசில் சுற்றிக்கொள்ளும் வைக்கோலும் கயிறும் ஆயில் சீலை அறுத்துவிடும். அதன்பின் எண்ணெய் கசியும். சேற்று நீர் உட்புகும்.

இரண்டாவது, ஸ்டீயரிங்கை முற்றும் திருப்பியபடி வரப்பேறுதலும், புதைந்த வண்டியை விசையோடு கிளப்புதலும். மூட்டுகள் முறிவது பெரும்பாலும் இத்தருணத்திலேதான்.

மூன்றாவது, தார் ரஸ்தாவில் முன் இழுவையை விலக்காமல் ஓட்டுதல். முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நூற்றுக்கு 1 முதல் 5 வரை முந்தும்படி அமைக்கப்பட்டுள்ளன. சேற்றில் சக்கரம் வழுக்குவதால் இவ்வித்தியாசம் தீர்ந்துவிடும். கடினமான தரையில் வழுக்கல் குறைவாகையால், முறுக்கம் மூட்டிலும் பற்சக்கரங்களிலும் தங்கும். அளவு மாறிய டயர்களைப் பூட்டுவதாலும் இத்தீங்கு நேரும்.

அறிகுறிகள்

மெதுவாகத் திரும்பும்போது ‘டக் டக்’ என்னும் ஓசை கேட்டல், சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் படிதல், வடிக்கும் எண்ணெய் பால்போல் வெளுத்திருத்தல் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் காலந்தாழ்த்தலாகாது.

செய்ய வேண்டுவன

1. தினமும் உழவு முடிந்தபின் இருசைக் கழுவி, சுற்றியுள்ள வைக்கோலையும் கயிற்றையும் அகற்றுக.

2. கிரீஸ் நிப்பிள் உள்ள மூட்டுகளில், பழைய கிரீஸ் வெளிவரும் வரை புதியதை ஏற்றுக.

3. கசியும் சீலை உடனே மாற்றுக.

4. ரஸ்தாவை அடையுமுன் முன் இழுவையை விலக்குக.

5. வரப்பை நேராக ஏறுக. முற்றும் திருப்பிய நிலையில் விசையை மிகுத்தலாகாது.

சீலின் விலை சொற்பம். அதனை அசட்டை செய்வதால் இழப்பது ஒரு பருவமாகவும் இருக்கலாம். ஆகையால், உழவு தொடங்குமுன்னரே முன் இருசைச் சோதித்துக்கொள்வது ஒவ்வொரு டிராக்டர் சொந்தக்காரருக்கும் நலம் பயக்கும்.