கரியின் பற்றும் அதன் எல்லையும்

2016ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சிலாங்கூரின் செமினி ஆற்று நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒருமுறையன்று, பலமுறை மூடப்பட்டது. ஆற்று நீரில் கலந்த துர்வாடையே காரணம். காஜாங் அடங்கிய உலு லங்காட் மாவட்டத்திலும் அதனை அடுத்த மாவட்டங்களிலும் பல வீடுகளில் குழாய்கள் வறண்டன. 2020 அக்டோபரிலும் இந்நிலை திரும்பிற்று. வாடையைப் போக்கக் கரி உதவும் என்பது ஊரறிந்த செய்தி. சுத்திகரிப்பு நிலையங்களிலும் கரித்தூள் பயன்படுகிறது. அங்ஙனமிருக்க, நிலையத்தை மூடுவானேன் என்று மாணாக்கன் ஒருவன் வினவினால் ஆசிரியர் என்ன விடை பகர்வது? விடை கரியின் இயல்பிலேயே இருக்கிறது.

சோடா நீரில் கரியமில வாயு நீரின் உள்ளெங்கும் கலந்து நிற்கிறது. இது உட்கவர்தல். கரியின் செயல் இத்தகையதன்று. வாடைப்பொருள் கரியோடு கலந்து ஒன்றாவதில்லை. கரியின் பரப்பில் வந்து பற்றிக்கொள்கிறது. இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை உணர்த்த ‘அட்சார்ப்ஷன்’ என்னும் சொல்லை 1881இல் வழங்கியவர் ஜெர்மானிய அறிஞர் கைசர். ‘அப்சார்ப்ஷன்’ என்னும் பழைய சொல்லில் ஓரெழுத்தே மாறியது. பொருளோ பெரிதும் மாறியது. இலங்கை நூல்கள் இதனைப் ‘புறத்துறிஞ்சல்’ என்றும், தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘பரப்புக் கவர்தல்’ என்றும் வழங்குகின்றன. இரண்டும் நல்ல ஆக்கங்களே. ஆயினும், ‘உறிஞ்சல்’ என்றதும் பிள்ளைகள் மனத்தில் உள்ளே இழுத்துக் குடிக்கும் காட்சியே எழுமாதலால், வகுப்பறைக்குப் பின்னதே ஏற்றது.

பரப்புக்கு ஏன் இந்தப் பற்று? பிள்ளைகள் கைகோத்து வரிசையாக நிற்பதாகக் கொள்வோம். நடுவில் நிற்பவர்க்கு இரு கைகளும் பிணைந்துள்ளன. கடைசியில் நிற்பவனுக்கு ஒரு கை வெறுமையாக இருக்கிறது. திடப்பொருளின் உள்ளே இருக்கும் அணுவை நாற்புறமும் உள்ள அணுக்கள் ஈர்க்கின்றன. பரப்பில் இருக்கும் அணுவுக்கு வெளிப்புறத்தில் துணையில்லை. நிறைவுறாத அந்த ஈர்ப்பே அருகில் வரும் மூலக்கூற்றைப் பிடித்து நிறுத்துகிறது. கரி பெரும்பாலும் இத்தகைய மெல்லிய ஈர்ப்பினாலேயே பற்றுவதால், கடுமையாகச் சூடேற்றினால் பற்றியவற்றுள் பெரும்பகுதியை விட்டுவிடும்.

ஆகவே பரப்பு மிகுந்தால் பற்றும் மிகும். காஜாங் சத்தே கடைகளின் அடுப்புக் கரிக்கும் இவ்வியல்பு ஓரளவு உண்டு. ஆனால் அதன் நுண்துளைகள் பலவற்றைத் தார்ப்பொருள் அடைத்திருக்கும். தேங்காய்ச் சிரட்டைக் கரியையோ செம்பனைக் கொட்டை ஓட்டின் கரியையோ சுமார் 800 முதல் 1,000 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீராவிக்கு உட்படுத்தினால் அடைப்பு நீங்கும். புதுத் துளைகளும் தோன்றும். இதுவே கிளர்வூட்டிய கரி. முதல் உலகப் போரில் நச்சுப்புகையினின்றும் படைவீரரைக் காத்த முகமூடிகளில் சிரட்டைக் கரி இடம்பெற்றது. நல்ல கரியில் ஒரு கிராமின் பரப்பு ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர். பூப்பந்துத் திடல் ஒன்றின் பரப்பு 82 சதுர மீட்டர். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை கரியை ஏந்துகிறவர் பன்னிரண்டு திடல்களை ஏந்துகிறார்! வெறும் கணக்கைவிட இந்த ஒப்புமை பிள்ளைகள் நெஞ்சில் நிற்கும்.

எனினும் பன்னிரண்டு திடலும் ஒருநாள் நிரம்பத்தான் வேண்டும். இந்த எல்லையைத் தெளிவாகக் கணித்துக் காட்டியவர் அமெரிக்க அறிஞர் லாங்மியூர். 1916இலும் 1918இலும் அவர் கட்டுரைகள் வெளிவந்தன. பரப்பு வேதியியலில் ஆற்றிய பணிக்காக 1932இல் அவர் நோபல் பரிசு பெற்றார். பேருந்தின் இருக்கைகள்போல் பரப்பிலும் குறிப்பிட்ட அளவு இடங்களே உண்டு. ஓரிடத்தில் ஒன்றே அமரும். நிற்போர்க்கு அனுமதியில்லை என்பது அவர் கொண்ட கருத்தின் சாரம். இருக்கைகள் காலியாக இருக்கும்போது வருவன பலவும் அமரும். நிரம்பிய பின்னர் எத்தனை வந்தாலும் பயனில்லை. அமர்ந்தவையும் நிலையாக இருப்பதில்லை. சில எழுந்து போகும், சில வந்து அமரும். ஏறுவதும் இறங்குவதும் சமமாகும் நிலையில் நீரில் சிறிதளவு வாடைப்பொருள் எஞ்சியே நிற்கும்.

செமினியின் புதிருக்கு விளக்கம் இதுவே. மனித மூக்கோ மிக நுண்ணிய வாடையையும் அறிந்துவிடும். எஞ்சிய அச்சிறு அளவே போதும். மேலும், ஆற்று நீரில் மக்கிய இலைதழைகளின் கரைபொருள்களும் அதே இருக்கைகளுக்குப் போட்டியிடுகின்றன. மூலக்கூறு கரியின் துளைக்குள் சென்று சேரக் காலமும் வேண்டும். ஓடும் நீருக்கு நிலையத்தில் அவ்வளவு காலம் கிடைப்பதில்லை. கரித்தூளை அள்ளி அள்ளிக் கொட்டலாமே எனின், வடிகட்டிகள் அத்தூளினாலேயே அடைபடும். ஆதலால், கழிவு ஒரு மட்டுக்கு மேல் வருங்கால் கதவை அடைப்பதே முறை. ஆற்றில் கழிவை விடுவோரைத் தடுப்பது கரியின் வேலையன்று.

வீட்டு வடிகட்டிக்கும் இதே கணக்குத்தான். குறித்த காலத்தில் மாற்றப்படாத கரி அங்கே வெறும் அலங்காரம். புதிய கரியும் எல்லாவற்றையும் பற்றுவதில்லை. எண்ணெய்த்தன்மையுடைய பெரிய மூலக்கூறுகளை விரும்பிப் பற்றும்; உப்பையும் சுண்ணாம்பையும் பெரும்பாலும் போகவிடும். கிருமிகளைக் கொல்லும் ஆற்றலும் அதற்கில்லை.

வகுப்பில் இதனைக் காட்டப் பெரும் செலவு வேண்டியதில்லை. வண்ண மீன் கடைகளில் கிளர்வூட்டிய கரி கிடைக்கும். அதனை நன்கு பொடித்து அலசி, ஒரு கரண்டி எடுத்து, உணவுக்கான வண்ணம் ஒரு துளி கலந்த நீரில் இட்டுக் கலக்கி, கால் மணி நேரம் கழித்துத் தாளில் வடிகட்டினால் நிறம் வெளுத்திருக்கும். தாளில் தங்கிய அதே கரியை அடுத்த கோப்பை வண்ண நீரில் இடுக; பின்னர் அதற்கடுத்ததில் இடுக. கோப்பைக்குக் கோப்பை நீரில் எஞ்சும் நிறம் மிகுந்துகொண்டே வரும். வடிகட்டிய கோப்பைகளைச் சன்னலோரம் வரிசையாக வைத்து, கரியின் இருக்கைகள் எந்தக் கோப்பையோடு நிரம்பின என்பதை மாணாக்கரையே சொல்லச் செய்யலாம்.