கம்பத்துக் கோழியும் தாத்தா முகமும்

ஜாசினிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். பள்ளிக்கு வாங்கிய வண்ணப் புட்டியில் 'டெம்பரா' என்று போட்டிருக்கிறதாம். "அது என்ன நிறம் டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாளாம்.

அது நிறமல்ல, சேர்மானம். அளவாகக் கலந்து பதமாக்குவதை லத்தீனில் 'டெம்பராரே' என்பார்கள். நிறப்பொடி தானாக ஒட்டாது; தண்ணீரோடு கலக்கும் ஒரு பசையில் குழைத்துத் தீட்டினால் அது டெம்பரா. அஜந்தா ஓவியங்கள் இந்த வகை. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள் வேறு வகை: ஈரச் சுண்ணாம்பில் தீட்டியவை, சுண்ணாம்பே நிறத்தைப் பிடித்துக்கொண்டது.

ஐரோப்பியர்களுக்குப் பசை முட்டையின் மஞ்சள்கரு. அதில் எண்ணெயும் நீரும் பிரியாமல் இருக்கக் காரணம் லெசித்தின். அம்மா பால்மரம் வெட்டும்போது பின்னாலேயே நடந்து வளர்ந்தவன் நான். எனக்கு இது பழகிய கதை. ரப்பர் பாலிலும் நுண்துளிகள் நீரில் மிதக்கின்றன. மங்கில் மிஞ்சியது காய்ந்து தோலானபின், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மறுபடி பாலாகாது. நன்றாகக் காய்ந்து இறுகிய மஞ்சள்கருவும் அப்படித்தான்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி 1400 வாக்கில் சென்னினோ சென்னினி என்ற இத்தாலிய ஓவியர் எழுதிவைத்தது. நகரத்துக் கோழி முட்டையின் கரு வெளிறியது, அது இளம் முகங்களுக்கு. நாட்டுப்புறக் கோழியின் கரு சிவந்தது, அது முதியவர்களுக்கும் கருத்த மேனியருக்கும் என்கிறார். தீனிதான் காரணம். எங்கள் லயத்துக் கொல்லையில் புல்லும் கீரையும் கொத்திய கம்பத்துக் கோழிகளின் முட்டையை உடைத்தால் கரு செம்மஞ்சளாக நிற்கும்.

எல்லாப் பசையும் முட்டையைப் போல இறுகுவதில்லை. பழைய தஞ்சாவூர்ப் படங்களின் நிறங்களைப் பிடித்திருப்பது கோந்து. நூறு வருடமானாலும் ஈரம் பட்டால் அது இளகும். எங்கள் வீட்டில் தீபாவளிக்குத் துடைத்தபோது கண்ணனின் நீலம் ஈரத்துணியோடு வந்துவிட்டது. பாட்டன் கப்பலில் கொண்டுவந்த படம் அது. பக்தியோடு செய்தாலும் அழிவு அழிவுதான். உங்கள் வீட்டில் அப்படி ஒரு படம் இருந்தால் ஈரத்துணியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். காய்ந்த மென்தூரிகையால் கண்ணாடியையும் சட்டத்தையும் தட்டிவிட்டால் போதும்.

ஆசிரியை அவர்களே, அந்தப் பிள்ளையிடம் ஒரு கம்பத்துக் கோழி முட்டையும், சலித்த செம்மண்ணும் கொடுங்கள். கருவின் தோலைக் கிள்ளி எறிந்துவிட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைக்கட்டும். சீக்கிரம் காயும், ஆகையால் மெல்லிய கோடுகளாக இழுக்க வேண்டும். முதலில் தன் தாத்தாவின் முகத்தை வரையட்டும்.