வழுக்கும் வீதியும் தளர்ந்த வாரும்

மழையில் நனைந்த பாதையிற் கால் வழுக்கி விழாதார் எவருமிலர். விழுந்தவர் எழுந்து, சேற்றைத் துடைத்துக்கொண்டு தம் வழியே போவதே வழக்கம். ஆயின், 1830களில் இங்கிலாந்திலே, மழையிற் பள்ளியிலிருந்து வீடு திரும்பிய சிறுமியொருத்திக்கு அவ்வாறு எழுந்து போகக் கொடுத்துவைக்கவில்லை. அவளுடைய கணுக்கால்கள் பெரிதும் ஊறுபட்டன. அதன்பின் வாழ்நாள் முழுவதும் அவளால் நெடுந்தூரம் நடக்க இயலவில்லை. குதிரை வண்டியே அவளுக்குக் காலாயிற்று. அவள்தான் 1877ஆம் ஆண்டு வெளிவந்த 'பிளாக் பியூட்டி' என்னும் நாவலின் ஆசிரியை அன்னா சூவெல்.

அக்காலத்து இலண்டன் தெருக்களிற் குதிரை வழுக்கி விழுவது அன்றாட நிகழ்ச்சி. நகரத்துத் தெருக்களுக்குப் பொறுப்பாயிருந்த பொறியியலாளர் வில்லியம் ஹேவுட், 1870களில் இதனைக் கணக்கெடுத்து ஆராய்ந்தார். கருங்கல் பாவிய தெருவில் ஒரு குதிரை சராசரியாக 132 மைல் சென்றதும் ஒருமுறை விழுந்தது. நிலக்கீல் தெருவில் 191 மைலுக்கு ஒருமுறை. மரக்கட்டை பாவிய தெருவிலோ 300 மைலுக்கு மேற் சென்ற பின்னரே விழுந்தது. நிலக்கீல் தெருவிற் பெருமழையினும் இலேசான ஈரமே ஆபத்தானது என்பதும் தெரியவந்தது. பெருமழை தெருவைக் கழுவிவிடும். தூறலோ புழுதியையும் சாணத்தையும் குழைத்துப் பசையாக்கிவிடும்.

குதிரை வழுக்குவதற்குக் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. இரும்பு இலாடத்திற்கும் மழமழப்பான கல்லுக்கும் இடையே பிடிப்பு மிகக் குறைவு. உடலின் பாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு முன்னங்கால்களிலேயே தங்குகிறது. கால் சறுக்கும்போது குதிரை கழுத்தை நீட்டியும் தலையைத் தாழ்த்தியும் தன்னை நிலைப்படுத்திக்கொள்கிறது. கயிற்றின்மேல் நடப்பவனுக்குக் கையிலுள்ள கோல் எப்படியோ, குதிரைக்கு அதன் தலையும் கழுத்தும் அப்படி.

இங்கேதான் மனிதனின் அச்சம் குறுக்கிடுகிறது. கால் சறுக்கியதும் சவாரி செய்பவர் தம்மையறியாமலே கடிவாள வாரை இறுக்கிப் பிடிக்கிறார். குதிரையைத் தாங்கிக்கொள்வதாக அவர் எண்ணுகிறார். உண்மையில், அது தன்னைத் தாங்கிக்கொள்ளும் வழியையே அடைத்துவிடுகிறார். நிமிர்ந்து, உடலைத் தளர்த்தி, நடுநிலை தவறாது அமர்ந்து, வாரைச் சற்றே நெகிழவிடுவதே தக்க முறை. வழுக்கும் வீதியில் ஓட்டத்தைத் தவிர்த்து மெல்ல நடத்தல் வேண்டும். திருப்பங்களிற் சட்டெனத் திருப்பாது அகல வளைத்துச் செல்லல் வேண்டும். இரும்பு மூடிகள், வெண்ணிறக் கோடுகள், நனைந்த சருகுகள் ஆகியவற்றை விலக்குதல் நன்று. உறைபனி படிந்த நாளில் வீதிக்கே போகாதிருத்தல் அதனினும் நன்று.

இலாடத்திலே கடினமான உலோக முனைகளைப் பதிப்பதும் உண்டு. அவை பிடிப்பைத் தருவன. எனினும் அளவுக்கு மீறிய பிடிப்பும் தீங்கே. குளம்பு தரையில் ஊன்றும்போது சிறிது சறுக்குதல் இயல்பு. அதனை முற்றாகத் தடுத்தால் அந்த அதிர்ச்சியைக் காலின் மூட்டுகளே ஏற்கவேண்டியிருக்கும்.

பிரித்தானியாவில் இன்றும் பொதுவீதிகளிற் குதிரையேறிச் செல்வோர் பலர். புதிதாக இட்ட சிலவகை வீதிகளிற் கற்களின்மேற் கீல்படலம் மூடியிருப்பதால், வண்டிகள் ஓடி அது தேயும்வரை குதிரைகள் வழுக்குவதுண்டு. வீதியை அமைக்கும்போதே மேலே பொடிக்கல் தூவினால் இத்தொல்லை குறையும். 2022ஆம் ஆண்டு திருத்தப்பட்ட வீதி விதிமுறைகள், குதிரையைக் கடக்கும் வாகனம் மணிக்கு 10 மைலுக்கு உட்பட்ட வேகத்திற் செல்லவும், குறைந்தது 2 மீற்றர் இடைவெளி விடவும் சொல்கின்றன. வழுக்கும் தரையில் மிரண்ட குதிரைக்கு, கால் ஊன்ற அந்த இடைவெளியேனும் வேண்டுமல்லவா?

அன்னா சூவெல் தம் நாவலில் மிகக் கடுமையாகக் கண்டித்த வழக்கமொன்றுண்டு. வண்டிக் குதிரை மிடுக்காகத் தோன்றவேண்டுமென்று, அதன் தலையைத் தாழ்த்தவொட்டாமல் ஒரு வாரினால் உயர்த்திக் கட்டிவைப்பர். நாவலின் ஓரிடத்திலே பாரவண்டியுடன் மேட்டில் ஏறமாட்டாது கருங்குதிரை திணறுகிறது. வழியே வந்த பெருமாட்டி ஒருவர் அந்த வாரை அவிழ்க்கும்படி வண்டிக்காரனை வேண்டுகிறார். தலை விடுபட்டதும் குதிரை மேட்டைக் கடக்கிறது.

நூல் வெளிவந்து ஐந்து திங்களில், 1878இல், அவர் மறைந்தார். அவருடைய சவவண்டிக் குதிரைகளுக்கும் அதே வார் கட்டப்பட்டிருந்ததாம். அதைக் கண்ட அவருடைய தாயார், அவிழ்த்துவிட்ட பின்னரே ஊர்வலம் புறப்படவேண்டும் என்றாராம். மகளின் இறுதிப் பயணத்தை இழுத்துச் சென்ற குதிரைகள் அன்று தலை தாழ்த்தி, தம் இயல்பிலே நடந்து சென்றன.