281 காலடி 45 ஆன கதை



"அமெரிக்காக்காரிக்கு என்ன கஷ்டம்? எல்லாத்தையும் மிஷின் பார்த்துக்கும்" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். 1920-களில் அந்த நாட்டுச் சமையலறைகள் எப்படி இருந்தன என்று படித்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது பெரும்பாலான வீடுகளில் பிரிட்ஜ் கிடையாது. மரத்தால் செய்த ஐஸ் பெட்டிதான். ஜன்னலில் 25, 50, 75, 100 என்று நான்கு பக்கமும் எண் போட்ட அட்டையை மாட்டி வைப்பார்கள். எத்தனை பவுண்டு ஐஸ் வேண்டுமோ, அந்த எண் மேலே வரும்படி திருப்பி வைத்தால் போதும். ஐஸ்காரர் தெருவிலிருந்தே பார்த்து வெட்டிக்கொண்டு வருவார். உருகும் தண்ணீர் பெட்டிக்கு அடியில் உள்ள தட்டில் சேரும். அதைக் கொட்ட மறந்தால் தரையெல்லாம் வெள்ளம்தான்!

1927-ல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி, தலையில் உருண்டையாக மிஷின் வைத்த பிரிட்ஜை விற்க ஆரம்பித்தது. அது வசதி உள்ளவர்கள் வீட்டுக்குத்தான் போனது. நகரத்து வீடுகளுக்கு கரண்ட் வந்துவிட்டாலும், பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்பதுக்கு 1930-ல்கூட கரண்ட் இல்லை. அந்தப் பெண்களுக்கு விறகு அடுப்பும், தூக்கி வரும் தண்ணீரும்தான் கதி. துண்டு போட்ட பிரெட்கூட 1928 ஜூலையில்தான் மிசௌரி மாநிலத்தில் சில்லிகாத்தி என்ற ஊரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்ததாம்.

இந்த நேரத்தில்தான் லில்லியன் கில்பிரெத் என்ற அம்மா சமையலறைப் பக்கம் வந்தார். டாக்டர் பட்டம் வாங்கியவர். 12 பிள்ளைகள் பெற்று, ஒன்றைச் சிறுவயதில் பறிகொடுத்தவர். தொழிற்சாலைகளில் ஆட்கள் களைப்பில்லாமல் வேலை செய்வது எப்படி என்று கணவரும் இவரும் சேர்ந்துதான் ஆலோசனை சொல்லி வந்தார்கள். 1924-ல் கணவர் திடீரென்று இறந்துவிட்டார். அதுவரை கூப்பிட்ட கம்பெனிகள் சில, "பெண்ணிடம் என்ன ஆலோசனை?" என்று ஒதுங்கிக்கொண்டன. வீட்டில் 11 பிள்ளைகள். எப்படி இருந்திருக்கும்?

அவர் சோர்ந்து உட்காரவில்லை. தொழிற்சாலையில் செய்த அதே கணக்கைச் சமையலறையில் போட்டார். இத்தனைக்கும் அவருக்குச் சமையல் அவ்வளவாக வராது! 1929-ல் புரூக்ளின் கேஸ் கம்பெனிக்காக ஒரு மாதிரிச் சமையலறை அமைத்தார். அடுப்பு, மேடை, சாமான் அலமாரி எல்லாம் கைக்கு எட்டும் தூரம். பக்கத்தில் உருட்டிக்கொண்டு போக ஒரு சக்கர மேஜை. மேடை, நிற்கிறவள் உயரத்துக்குத் தக்கபடி இருக்க வேண்டும், அவள் குனிந்து ஒடியக்கூடாது என்றார். ஒரு கேக் செய்ய சாதாரணச் சமையலறையில் 281 காலடி நடக்க வேண்டியிருந்தது. இவர் முறையில் 45 காலடியில் முடிந்தது.

எனக்கு இதில் பிடித்தது அந்த எண்ணிக்கை இல்லை, எண்ணிப் பார்த்ததுதான். ஆலையில் வேலை செய்கிறவனுடைய களைப்புக்குக் கணக்கு உண்டு. அடுப்படியில் நிற்கிறவள் களைப்பையும் அதே மாதிரி ஒருத்தி அளந்து, "இதுவும் வேலைதான்" என்று காட்டினாளே!

மிச்சமான நேரமெல்லாம் அந்தப் பெண்களுக்கே கிடைத்ததா என்றால், அதுதான் இல்லை. வசதி பெருகப் பெருக, வீடு இன்னும் பளிச்சென்று இருக்கணும், சாப்பாடு இன்னும் விதவிதமாக இருக்கணும் என்று எதிர்பார்ப்பும் கூடிவிட்டது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

மறுநாள் காலை காபி போடும்போது நானும் எண்ணினேன். 52 காலடி! "என்ன, தனியா முணுமுணுக்கிறே?" என்றார் இவர். சொன்னேன். சிரித்தார். ஆனால் சாயந்திரம் அவரே காபிப்பொடி, சர்க்கரை டப்பாக்களை அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பலகை அடித்து வைத்துக் கொடுத்தார். இப்போது 19.

நீங்களும் ஒருநாள் எண்ணிப் பாருங்கள், சகோதரிகளே. வீட்டில் இருப்பவர்கள் காதில் விழும்படி, கொஞ்சம் சத்தமாகவே எண்ணுங்கள்!

- ஒரு வாசகி, கும்பகோணம்