மம்பாவ் ஈரமும் கேசட் பாட்டும்

கேசட் நாடா என்பது 3.81 மில்லிமீட்டர் அகலமுள்ள பாலியெஸ்டர் பட்டை. அதன் ஒரு பக்கத்தில் இரும்பு ஆக்சைடுத் தூள் பசையோடு கலந்து பூசப்பட்டிருக்கும். வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் அது ஒலிமுனையை உரசிச் செல்கையில், தூளில் பதிந்த காந்தத் தடம் மின்குறிப்பாக மாறி, ஒலிபெருக்கியில் பாட்டாகிறது. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் வெளியிட்ட இந்தச் சின்னப் பெட்டி தோட்ட லயங்கள்வரை போய்ச் சேர்ந்ததில் பேட்டரிக்குப் பங்குண்டு. பேட்டரி தளர்ந்தால் நாடா மெதுவாகும். பாடகரும் இழுத்து இழுத்துப் பாடுவார்.

மலேசியாவில், சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் பழைய சாலையில் மம்பாவ் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் நாடாவுக்கு முதல் எதிரி காற்றின் ஈரம். ஈரப்பதம் இங்கே சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும்; விடியலில் அதற்கும் மேலே போகும். பூஞ்சணத்துக்கு 70 விழுக்காடே போதும். ஒலி ஆவணக் காப்பகங்கள் நாடாக்களை ஏறத்தாழ 20 டிகிரியில், 30 முதல் 40 விழுக்காட்டு ஈரப்பதத்தில் வைக்கின்றன. லயத்து வீட்டு அலமாரியில் அது நடக்கிற காரியமில்லை. நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடிபோலத் தெரிந்தால் அது பூஞ்சணம். அப்படியே ஓட்டினால் ஒலிமுனையில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். பசையும் ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்து பிசுபிசுக்கலாம். ஆனால் இந்தக் கோளாறு 1970, 80-களின் பெரிய ரீல் நாடாக்களில்தான் அதிகம். கேசட்டுகள் பெரும்பாலும் தப்பிவிட்டன.

குறுந்தட்டுக்கு நாடாவைப்போல உரசல் இல்லை. 1982-இல் விற்பனைக்கு வந்த இந்த 12 சென்டிமீட்டர் தட்டை லேசர் ஒளி தொடாமலே படிக்கிறது. மினுமினுக்கும் பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைப்பவர்கள் எழுத்துள்ள பக்கத்தைக் கண்டுகொள்வதில்லை. நியாயமாக அதற்குத்தான் கவனம் கூடுதலாக வேண்டும்: பாட்டைத் தாங்கும் அலுமினியப் படலம் எழுத்துக்கு அடியில், மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழேதான் இருக்கிறது. வீட்டுக் கணினியில் எரித்த தட்டுகளின் கதை வேறு. அவற்றில் பாட்டைத் தாங்குவது கரிமச் சாயம். காரின் முன்கண்ணாடிக்கருகே வெயிலில் கிடந்தால் அது வெளுத்துவிடும்.

இணையத்தில் வாங்கும் பாட்டை வெயிலோ பூஞ்சணமோ தொடுவதில்லை. குறுந்தட்டில் ஒரு வினாடி இசைக்கு 14 லட்சம் பிட்டுகள் செலவாகின்றன. நான்கு நிமிடப் பாட்டு 42 மெகாபைட். பலத்த ஒலிக்குப் பக்கத்தில் ஒலிக்கும் மெல்லிய ஒலியைக் காது கவனிப்பதில்லை என்ற உண்மையை வைத்து, எம்பி3 முறை அதே பாட்டை 4 மெகாபைட்டுக்குள் அடக்குகிறது. ஆப்பிள் நிறுவனம் 2003-இல் அமெரிக்காவில் திறந்த ஐடியூன்ஸ் கடையில் ஒரு பாட்டின் விலை அப்போது 99 சென்ட். நகலெடுக்க விடாத பூட்டு 2009-இல் கழற்றப்பட்டது. மலேசியாவுக்கு அந்தக் கடை 2012 ஜூனில் வந்தது; ஓராண்டு முடியுமுன், 2013 ஏப்ரலில், பாட்டை வாடகைக்குத் தரும் ஸ்பாட்டிஃபையும் வந்துவிட்டது. பாட்டைக் கோப்பாக விலைகொடுத்து வாங்கும் பழக்கம் இங்கே வேரூன்ற நேரமே கிடைக்கவில்லை.

வாங்கிய கோப்பும் முழுச் சொத்தல்ல, பயன்படுத்தும் அனுமதிதான். கேசட்டைத் தங்கைக்குக் கொடுக்கலாம், பழைய சாமான் கடையில் விற்கலாம். வாங்கிய கோப்புகளை மறுவிற்பனை செய்ய முயன்ற ரீடிஜி நிறுவனத்துக்கு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் தடை போட்டது. ‘வாங்கு’ என்று எழுதிவிட்டு அனுமதியை மட்டும் விற்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்ற கலிபோர்னியச் சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சேவையகத்தை நம்பியதற்கும் விலை உண்டு: 2015-க்கு முன் பதிவேற்றிய இசைக் கோப்புகளைத் தொலைத்துவிட்டதாக மைஸ்பேஸ் தளம் 2019-இல் ஒப்புக்கொண்டது.

யோகி பி, நட்சத்திரா குழுவின் ‘வல்லவன்’ (2006) போன்ற தொகுப்புக்கு ஆயிரம் நகல்கள் உண்டு. ஒன்று கெட்டால் இன்னொன்று. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் யாரோ பதிவுசெய்த உருமி மேளம், மலேசியத் தமிழ் ஒலிபரப்பான வானொலி 6-இன் நேயர் விருப்பத்தில் ஒலித்த குடும்பப் பெயர்கள் போன்றவற்றுக்கு அந்த ஒரே கேசட்டுதான் மூலம். எந்த இணையக் கடையிலும் அவை இல்லை. கணினிக்கு மாற்றவேண்டியவற்றில் முதல் இடம் இவற்றுக்கே. ஒலிமுனையை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, நாடாவை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றியபின் ஓட்டவேண்டும். பதிவை எம்பி3-ஆகச் சுருக்காமல் 24 பிட் வேவ் கோப்பாக இரண்டு இடங்களில் சேமிப்பது நல்லது. மூல கேசட்டை எறியக்கூடாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட இறுக்கமான டப்பாவில், ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு எட்டாமல், நிற்கவைத்தால் போதும்.