தோல்வியையும் அச்சிட்ட வைத்தியர்

ஒரு விஞ்ஞானியின் தகுதியை அவர் பிரசுரித்த கட்டுரைகளின் தொகையைக்கொண்டு நிர்ணயிக்கும் வழக்கம் சர்வகலாசாலைகளில் வேரூன்றிவிட்டது. உத்தியோகமும், பதவி உயர்வும், ஆராய்ச்சிக்குப் பொருளுதவியும் பெரும்பாலும் இக்கணக்கைப் பார்த்தே வழங்கப்படுகின்றன. எண்ணிக்கையே அளவுகோலாகுமானால், வெற்றியை மாத்திரம் எழுதித் தோல்வியைப் பெட்டியில் பூட்டிவைக்கும் ஆசை எழுவது இயல்பே. ஆகவே, 2012-ஆம் வருஷத்தில் காலஞ்சென்ற அமெரிக்க வைத்தியர் டாக்டர் டொன்னல் தாமஸ் விட்டுச்சென்ற பிரசுர வரிசையை நேயர்கள் ஒருமுறை ஊன்றிக் கவனிக்க வேண்டுமென்று விரும்புகிறோம்.

நமது இரத்தம் எலும்பினுள் இருக்கும் மஜ்ஜையில் உற்பத்தியாகிறது. அங்குள்ள மூல அணுக்களே அதற்கு விதை போன்றவை. லூக்கீமியா என்னும் இரத்தப் புற்றுநோய் இவ்விடத்தையே பற்றுகிறது. நோயுற்ற மஜ்ஜையைக் கதிர்வீச்சினாலும் மருந்தினாலும் அழித்துவிட்டு, ஆரோக்கியமுள்ள ஒருவரது மஜ்ஜையை இரத்தக் குழாய் வழியே செலுத்தினால் புதிய இரத்தம் ஊறாதா என்பதே டாக்டர் தாமஸ் எழுப்பிய கேள்வி.

1957-ஆம் வருஷத்தில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின்' என்னும் பத்திரிகையில் அவரும் சகாக்களும் எழுதிய கட்டுரை ஆறு நோயாளிகளைப் பற்றியது. ஒருவரேனும் நூறு நாளைத் தாண்டிப் பிழைக்கவில்லை. இரட்டையராகப் பிறந்தோரின் மஜ்ஜையைப் பெற்ற இரு நோயாளிகளைப்பற்றி 1959-இல் எழுதினார். புது மஜ்ஜை வேர்விட்டது. ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பிவிட்டது. அதையும் மறைக்கவில்லை.

பிறரது அனுபவமும் இவ்வாறே இருந்தது. வந்தேறிய மஜ்ஜை நோயாளியின் உடலையே பகையாகக் கருதித் தாக்கிற்று. பலர் இத்துறையைக் கைவிட்டனர். டாக்டர் தாமஸோ நாய்களிடத்தில் பரிசோதனையைத் தொடர்ந்தார். கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் திசுப் பொருத்தம் இருத்தல் எவ்வளவு அவசியம் என்பது அங்கே துலங்கிற்று.

1977-இல் 'பிளட்' என்னும் பத்திரிகையில் வந்த கட்டுரை நமது கருத்தில் இவ்வரிசையின் சிகரமாகும். மற்றச் சிகிச்சைகள் கைவிட்ட நூறு நோயாளிகளின் வரலாறு அது. அவர்களில் 13 பேரே நோயின்றி வாழ்ந்திருந்தனர். மேலெழுந்தவாரியாகப் பார்ப்போருக்கு இது பெருந்தோல்வி. ஆயினும் நூறு பேரின் கணக்கையும் ஒளிக்காமல் வைத்தமையால், அப்பதின்மூவர் பிழைத்தது தற்செயலன்று என்பது உலகுக்கு விளங்கிற்று. நோய் முற்றுமுன்பே சிகிச்சை செய்தால் என்ன என்ற கேள்வியும் வலுப்பெற்றது. நோய் முதன்முறை தணிந்திருந்த 19 பேரைப்பற்றி 1979-இல் எழுதியபோது, அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் உயிருடனிருந்தனர்.

நியாயஸ்தலங்களில் பழகிய நாம் ஒன்றை அறிவோம். தனக்குப் பாதகமானதைத் தானே ஒப்புக்கொள்ளும் சாட்சியின் வார்த்தைக்கு மதிப்பு அதிகம். 1957-இல் ஆறு மரணங்களை அறிவித்தவர் 1979-இல் நல்ல செய்தி சொன்னபோது வைத்திய உலகம் நம்பியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அவரது மனைவியார் ஸ்ரீமதி டோரதி தாமஸ் பத்திரிகைத் தொழிற் படிப்பை விட்டு ஆய்வுக்கூடப் பயிற்சி பெற்றவர். கணவரின் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திச் செப்பனிட்டவர். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையின் தாய் என்றே அவரை அழைத்தனர். கட்டுரைகளை எண்ணுவோர் இவ்வுழைப்பை எந்தப் பத்தியில் பதிவு செய்வர்?

1990-இல் டாக்டர் தாமஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் 1986 முதல் இச்சிகிச்சை நடைபெற்று வருகிறது. 2012-ஆம் வருஷ முடிவிற்குள் உலகில் இவ்வகைச் சிகிச்சைகளின் தொகை பத்து லக்ஷத்தை எட்டியது. அத்தனைக்கும் அடித்தளம், பிழைக்காத அந்த அறுவரைப்பற்றிய கட்டுரை.

பொதுக் காரியங்களில் ஈடுபட்ட நம் நண்பர்களுக்கும் இதில் பாடம் உண்டு. தோற்ற முயற்சியின் கணக்கை ஒளிப்பவன் பின்வருவோரை அதே பள்ளத்தில் தள்ளுகிறான். சர்வகலாசாலைகள் ஒருவரது கட்டுரைகளை எண்ணுமுன், அவற்றுள் அவர் தம் தோல்வியை ஒப்புக்கொண்டவை எத்தனை என்று கேட்கட்டும். உண்மையான பிரசுர வரிசைக்கு அதுவே உரைகல்.