நாம் வாழும் சமூகம் – 9: குடி உம்மாவுடையது

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் கல்யாணப் பேச்சு எழுந்தால், பழைய ஆட்கள் ஒரு கேள்வியைக் கேட்காமல் விடமாட்டார்கள்: “என்ன குடி?” அடையாள அட்டையில் பெயருக்கு முன்னால் நிற்கும் முதலெழுத்து வாப்பாவுடையது. குடி உம்மாவுடையது.

குடி என்றால் குலம். பிறந்த கணத்திலேயே ஒட்டிக்கொள்ளும் இந்தக் குல உறுப்புரிமையைச் சமூகவியலாளர் பிறப்பால் வரும் அந்தஸ்து என்பார்கள். கிழக்கில் அது வரும் வழிதான் வேறு. ஒரே கூரையின் கீழ் உம்மாவும் மக்களும் ஒரு குடி. வாப்பா மட்டும் வேறு குடி. ஒரே குடிக்குள் கல்யாணம் கூடாது என்பது பழைய வழக்கம். மாமாவின் மகளைக் கட்டலாம், மாமியின் மகளையும் கட்டலாம். உம்மாவின் தங்கை மகளைக் கட்டுவதற்கு மார்க்கத்தில் தடையில்லை, ஆனாலும் ஊர் வழக்கில் அவள் தங்கச்சிதான்.

இந்த முறை முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதல்ல. பக்கத்து ஊர்த் தமிழ் முக்குவரும் தாய்வழிக் குடிகளாகவே பிரிந்திருக்கிறார்கள். கோயிலில் குடியின் பேரால் நிற்பவர் வண்ணக்கர், பள்ளிவாசலில் மரைக்கார். இரு சமூகத்துக்கும் இடையே எத்தனையோ கசப்புகள் வந்து போய்விட்டன, இந்த அமைப்பு மட்டும் பொதுவாகவே கிடக்கிறது. 1969இல் அக்கரைப்பற்றுக்கு ஆய்வுக்கு வந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, பல தசாப்தங்கள் திரும்பத் திரும்ப வந்து 2008இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விரிவாக எழுதினார்.

மரைக்கார் பதவியைக் கவனித்தால் கணக்கு விளங்கும். பதவியில் இருப்பது ஆண்தான். ஆனால் அவருடைய சொந்த மகன் அவர் குடியல்ல, மனைவியின் குடி. குடியின் உரிமை குடிக்குள்ளேயே நிற்க வேண்டுமானால் அது மருமகனுக்கு, அதாவது ராத்தா, தங்கச்சியின் பிள்ளைக்குத்தான் போக முடியும். பள்ளிவாசல் நிர்வாகம் 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டத்துக்குள் வந்த பிறகு நம்பிக்கையாளர் சபைகளின் பேச்சே மேலோங்கிவிட்டது. இளையவர்களில் பலருக்குத் தங்கள் குடிப் பெயரே தெரியாது.

குடி மங்கினாலும் வீடு மங்கவில்லை.

மூத்த மகளுக்குக் கல்யாணமானதும் குடியிருந்த வீட்டையே அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றோர் மற்றப் பிள்ளைகளோடு அதே வளவிலோ அருகிலோ வேறொரு வீட்டுக்கு நகர்வார்கள். அடுத்தவளின் முறை வந்தால் இன்னொரு நகர்வு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். இப்படியே சகோதரிகள் ஒரு வேலிக்கு அப்பாலும் இப்பாலுமாக வாழ்ந்து முடிப்பார்கள். காயல்பட்டினத்திலும் வீடு பெண்ணுக்குத்தான். இந்தோனேசியாவின் மினாங்கபாவ் முஸ்லிம்களிடமும் குலச்சொத்து தாய்வழியே இறங்குகிறது.

மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்ற ஷரீஅத் பாகப்பிரிவினை இங்கே என்னவாகிறது? ஒன்றும் ஆவதில்லை. 1931இல் வந்த முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் மரணத்துக்குப் பிறகு மிஞ்சும் சொத்தைப் பற்றியது. பெறுமதியான வீடோ பெற்றோர் உயிரோடிருக்கும்போதே உறுதி முடித்து மகளின் கைக்குப் போய்விடுகிறது. சட்டத்தோடு மோதாமலே வழக்கம் தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26இல் சுனாமி மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரையை அடித்துப்போனபோது அழிந்த வீடுகளில் பல பெண்கள் பேரில் இருந்தவை. மீள்குடியேற்றப் படிவங்களிலோ ‘குடும்பத் தலைவர்’ என்றொரு கட்டம். அதில் எழுதப்பட்டது பெரும்பாலும் கணவன் பெயர். உம்மாவிடமிருந்து மகளுக்கு இறங்கிவந்த சொத்து, ஓர் அரச படிவத்தில் திசை மாறிற்று. நாடெங்கும் பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன. மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க வளவே இல்லாமல் போனவர்களின் கவலை அதைவிடப் பெரிது.

இவ்வளவுக்கும் பெண்ணின் கையில் வீடு இருப்பதால் பாரம் குறைந்துவிட்டதென்று எண்ணிவிடக் கூடாது. மஹர் கொடுத்துக் கட்ட வேண்டியவர் மாப்பிள்ளை என்று உலமாக்கள் குத்பாவில் சொல்கிறார்கள். ஆனாலும் வீடில்லாத குமரைப் பெண் கேட்டு வருவோர் அரிது. அந்த வீட்டைக் கட்டி முடிக்கக் காக்காமார் கட்டாருக்கும் சவூதிக்கும் போகிறார்கள். ராத்தாவின் வீடு, பிறகு தங்கச்சியின் வீடு, அதற்குப் பிறகுதான் தன் கல்யாணம். அவர் போய்க் குடியேறுவதும் அநேகமாக இன்னொரு காக்காவின் உழைப்பில் எழும்பிய வீட்டில்தான்.